அறுபது ஓம்

இப்படிப் பக்கத்தில் வந்து உட்கார், கண்ணு. உன் ஹீட்டருக்குப் புதுச் சுருள் போட்டாயிற்று. கொஞ்ச நேரம் எரியவிட்டுப் பார்த்துத்தான் கொடுப்பேன். அதுவரை ஒரு கதை சொல்கிறேன். காலை இந்தப் பக்கம் நீட்டிக்கொள், சூடு படும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பயப்படாதே, பெருக்கலும் வகுத்தலும்தான். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் இருநூற்று நாற்பது வோல்ட். இந்த ஹீட்டர் இழுப்பது நாலு ஆம்பியர். இருநூற்று நாற்பதை நாலால் வகுத்தால் அறுபது. அதுதான் இந்தச் சுருளின் தடை, அறுபது ஓம். வகுக்காமல் பெருக்கினால் தொள்ளாயிரத்து அறுபது வாட். அதுதான் இதன் சூடு. சுருளை வெட்டிச் சின்னதாக்கினால் தடை குறையும், கரண்ட் ஏறும், சூடும் ஏறும். கம்பி கண்மண் தெரியாமல் சிவந்து சீக்கிரம் அறுந்துபோகும். வாடிக்கையாளர் யாருக்கும் நான் அப்படிச் செய்ததில்லை.

என் மகளுக்கு எப்போதும் கால் சில்லிட்டிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், நான் சோதித்துக்கொண்டிருக்கும் ஹீட்டர் முன்னால் சுருண்டு படுத்துவிடுவாள். பூனை என்றுதான் கூப்பிடுவேன். அவள் அப்பா போனபின் எனக்கென்று இருந்தது அவளும் இந்தப் பட்டறையும்தான்.

கல்யாணமாகி ஊரின் மறுகோடிக்குப் போனாள். மாப்பிள்ளைக்கு அச்சகத்தில் வேலை. தங்கமான மனிதர், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, தேடிப் பார்த்தேன். கையோடு ஒரு ஹீட்டர் செய்து கொடுத்தனுப்பினேன். அறுபது ஓம், சுத்தமாக.

அப்புறம் போன்தான். "அடுத்த வாரம் வரேம்மா" என்பாள். வரமாட்டாள். ஒருநாள் ஹீட்டர் கைதவறி விழுந்து, சுருள் சுற்றிய பீங்கான் குழல் உடைந்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை, இதோ நீ உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே இருந்தாள். மாப்பிள்ளை குறட்டை விடுவதை நடித்துக் காட்டினாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அன்றைக்குப் போட்ட புதுச் சுருளில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டிவிட்டேன். நாற்பத்தெட்டு ஓம். ஐந்து ஆம்பியர். ஆயிரத்து இருநூறு வாட்.

குளிர் முடியுமுன்னே சுருள் அறுந்தது. வந்தாள்.

"ஊருக்கெல்லாம் நீ செஞ்சது வருஷக்கணக்கா ஓடுதும்மா. பெத்த பொண்ணுக்கு ஓசியில செஞ்சா இப்படித்தானா?"

"எந்நேரமும் அது மேலயே படுத்துக் கிடந்தா அது என்னடி பண்ணும், பூனை?"

"அவரு புதுசு வாங்கிடலாம்னாரு. எங்கம்மா கையால செஞ்சதுதான் வேணும்னுட்டேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டபின் கை நிற்கவில்லை. சுருளைச் சரிபாதியாக வெட்டினேன். முப்பது ஓம். எட்டு ஆம்பியர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது வாட்.

இந்த முறை போனது சுருள் இல்லை. அவர்கள் வீட்டு ஃபியூஸ். அது ஐந்து ஆம்பியர் ஃபியூஸ். மாப்பிள்ளை வேலையிலிருந்து திரும்பும் வழியில் பட்டறைக்கு வந்தார்.

"அத்தை, ஹீட்டரைப் போட்டாலே ஃபியூஸ் போயிடுது."

ஃபியூஸ் போனால் அவரே கம்பி கட்டிக்கொள்வார். ஹீட்டர் போனால்தான் அவள் என்னிடம் வருவாள். அதனால் தடிக் கம்பியாக ஒரு துண்டு வெட்டி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். "இதைக் கட்டுங்க மாப்பிள்ளை, இனிமே போகாது" என்றேன்.

அந்த வீட்டுச் சுவருக்குள் ஓடிய வயர் பழசு, மெலிசு. அவர்கள் குடிபோன அன்றே பார்த்திருந்தேன். வயர் சூடேறித் தீப்பிடிக்குமுன் சுருள் அறுந்துவிடும் என்று நினைத்தேன். வயர் முந்திக்கொண்டது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, ஹீட்டர் பக்கம் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். சுவிட்ச் போர்டில் பிடித்த தீ திரைச்சீலைக்குத் தாவியது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

சோதிக்க வந்த அதிகாரி, "இவ்வளவு தடிக் கம்பியை யார் கட்டினது?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றார் மாப்பிள்ளை. யார் கொடுத்தது என்று அதிகாரி கேட்கவில்லை.

மாப்பிள்ளைதான் பிறகு என்னிடம் கேட்டார். "நீங்க குடுத்த மாதிரியேதானே அத்தை கட்டினேன்?"

"ஒத்தையாத்தான் குடுத்தேன். அவசரத்துல ரெட்டையா மடிச்சுக் கட்டிட்டீங்களோ என்னவோ" என்றேன்.

இல்லாத ஒரு கம்பியை விரல்களால் மடித்துப் பார்த்தார். பிறகு, "இருக்கும் அத்தை" என்றார்.

கருகிய ஹீட்டர் என்னிடம் வந்து சேர்ந்தது. துடைத்துவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தேன். முப்பது ஓம். சுருள் அறுந்திருக்கவில்லை.

இப்போது ஞாயிறு தவறாமல் மாப்பிள்ளை வருகிறார். அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, "என் கையாலேயே அவளைக் கொன்னுட்டேன் அத்தை" என்று அழுகிறார். தட்டில் சோறு போட்டுக் கொடுக்கிறேன், முதுகைத் தடவிக் கொடுக்கிறேன். அவளைவிட அவர்தான் அடிக்கடி வருகிறார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாராவாரம் நினைப்பதுதான். அவர் மனசு தாங்காதே என்றுதான் சொல்லாமல் இருக்கிறேன். வேறொன்றும் இல்லை.

அதோ, அவர் செருப்புச் சத்தம். நீ எதுவும் கேட்டுவிடாதே, கண்ணு. உன் ஹீட்டரை எடுத்துக்கொள். அறுபது ஓம், சுத்தமாக. உன் வீட்டை விட்டுப் போனவர்களெல்லாம் திரும்பி வரட்டும். எதுவும் பழுதாகாமலே வரட்டும்.