நான்கு இஞ்ச் உயரம்

வளவன் எனக்குத் தர வேண்டியிருந்தது இருபத்தேழாயிரத்து அறுநூறு ரூபாய். தொகையைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஐயா. ஆனால் வாக்குமூலத்தின் அடுத்த வரியில், அந்தப் பணத்துக்காகத்தான் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துப் பார்த்தேன். அது சரியில்லை. அதனால்தான் வெள்ளைத் தாள் கேட்டேன். நானே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் மற்றது விளங்காது.

அந்தக் காலத்து ஜீப்பின் டயர் தரையிலிருந்து இருபத்தெட்டு இஞ்ச் உயரம் இருக்கும். மலையிலும் ஆற்று மணலிலும் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் பெரிய டயர் கேட்பார்கள். பெரிய டயர் மட்கார்டில் இடிக்கும். இடிக்காமல் இருக்க, வளைவு அதிகமுள்ள ஸ்பிரிங் பட்டை போட்டு வண்டியைத் தூக்க வேண்டும். முப்பத்தொரு இஞ்ச் டயருக்கு இரண்டு இஞ்ச் தூக்கினால் போதும். முப்பத்துமூன்றுக்கு நான்கு வேண்டும். நான்கு தூக்கினால் வேலை அத்தோடு நிற்காது. சக்கரத்துக்குப் போகிற பிரேக் ஓஸ் எட்டாமல் விறைத்துக்கொள்ளும். அது ரப்பர் குழாய். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் அகல டயர் அதில் உரசும். ஆகவே ஓஸையும் நீளமானதாக மாற்றி, டயருக்கு எட்டாமல் ஒதுக்கிக் கட்ட வேண்டும். பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியில்தான் போகும். ஒரு ஓஸ் கிழிந்தால் பிரேக்கே இல்லை.

காத்தான் என்கிற நான் நாமக்கல்லில் லாரிகளுக்குப் பட்டை மாற்றிப் பிழைத்தவன். மோகனூர் ரோட்டில் சின்ன ஷெட். படிப்பு எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் வந்தது. ராத்திரிப் பள்ளியில் ஜோதி டீச்சர் புத்தகம் கொடுத்தார்கள். தமிழ் அதில் வந்துவிட்டது, இங்கிலீஷ் எழுத்து மட்டும் புத்தகத்தில் என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. டயரில் பிடிபட்டது. டயரின் பக்கவாட்டில் எழுத்து மேடாக இருக்கும், விரலால் தடவிக்கொண்டே படிக்கலாம். இங்கிலீஷ் எழுத்தையும் எண்களையும் அப்படித்தான் கற்றேன். தினமும் ஒரு டயர். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படிப்பேன்.

வளவன் வாழப்பாடிக்காரர். ஆத்தூரில் அவர் குடும்பத்துக்கு ஜவ்வரிசி ஆலை இருக்கிறது. போன வருஷம் ஒரு பழைய ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். கூடவே அவர் சிநேகிதர் ஆஷிக். அவர் இளம்பிள்ளைச் சேலைகளை வாங்கி சேலத்தில் மொத்த வியாபாரம் செய்கிறவர். நல்ல மாதிரி. வந்ததும் எனக்கும் சேர்த்து டீ சொல்வார்.

"ரெண்டு இஞ்ச் தூக்கி முப்பத்திமூணு போடுய்யா," என்றார் வளவன். "ரோட்ல போனா பாக்குறவன் ஒதுங்கணும்."

"ரெண்டுக்கு முப்பத்தொண்ணுதானுங்க தம்பி. முப்பத்திமூணு போட்டா திருப்பத்துல தின்னுருமுங்க."

"எத தின்னும்?"

"டயரு மட்கார்டத் தின்னும், மட்கார்டு டயரத் தின்னும். அப்பறம் நான் உங்ககிட்டத் திட்டுத் தின்னோணும்."

ஆஷிக் சிரித்துவிட்டார். வளவன் சிரிக்கவில்லை. "பெரிய இன்ஜினியரு. எங்க, இந்த டயர்ல என்ன எழுதியிருக்கு, படி பாப்போம்," என்றார்.

எனக்குத்தான் படிக்கத் தெரியுமே. குனிந்து உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தேன். முழுவதும் படித்தேன். தப்பில்லாமல்தான் படித்தேன், ஆனால் நேரமாகியது. அதைப் போனில் வீடியோ எடுத்திருக்கிறார்கள். நான் படித்து முடித்து நிமிர்ந்து பார்க்கிறேன், அத்தோடு முடிகிறது. வீடியோ எடுத்தவர் முகம் தெரியாது. போனுக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு மட்டும் கேட்கும். ஜீப் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அது போய், அங்கிருந்து எங்கெங்கோ போய்விட்டது. ஈரோட்டிலிருந்து வந்த ஒருவர் ஷெட் வாசலில் இறங்கியதுமே என்னைப் போல இழுத்து இழுத்து எண்களைச் சொன்னார். என் மனைவி ராமாயியிடம் அவள் அண்ணன் மகன் காட்டியிருக்கிறான். அவள் சிரிக்கவில்லை. சோறு போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். அன்றோடு பள்ளிக்குப் போவதை நிறுத்தினேன். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கூலிக்கு ஆசைப்பட்டு அவர் கேட்டபடியே போட்டுக் கொடுத்தேன். அது என் தப்புதான். மாசியில் ஆத்தூர்ப் பக்கம் காய்ந்த ஆற்றில் ஜீப் போட்டி நடந்தது. என்னையும் வரச்சொன்னார். மேட்டில் ஏறித் திருப்பும்போது மட்கார்டு ஓரம் டயரை அறுத்து, வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. வளவன் வெளியே வந்தார். கையில் வீல் ஸ்பேனர் இருந்தது. நான் வண்டியைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தேன். மட்கார்டின் மேல் இருந்த என் வலது கையில் அடித்தார். ஒரு தடவை அடித்தபோது கையை எடுக்க முடியவில்லை. அதனால் இரண்டாவதும் அங்கேயே விழுந்தது. எலும்பு வெளியே தெரிந்தது. ஆஷிக்தான் துண்டைச் சுற்றி ஆத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இப்போது இரண்டு விரல் மடங்காது. ஸ்பேனரைப் பிடித்தால் நழுவும். பேனாவைப் பிடிக்கலாம். தோற்றுப்போன கோபத்தில் இருக்கிறவரைக் குறை சொல்ல முடியாது. வேலையைக் கெடுத்துவிட்டாய் என்று கூலியை நிறுத்தினார். வாழப்பாடிக்குப் போய்க் கேட்டேன். வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே நிற்கச் சொன்னார்கள். நின்றேன். வந்துவிட்டேன்.

ஆடி கழிந்ததும் அவரே திரும்பி வந்தார். இந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை போல.

"பழச விடுய்யா. நாலு இஞ்ச் தூக்கு. அதே முப்பத்திமூணு. பழசு புதுசு எல்லாம் சேத்துக் குடுத்தர்றேன்."

"சரிங்க தம்பி," என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. கணக்குப் பார்த்தேன், சரியான அளவுதான். நான்குக்கு முப்பத்துமூன்று பொருந்தும். சேலம் போய் நீளமான பிரேக் ஓஸ் வாங்கி வந்து ஷெட் ஆணியில் மாட்டினேன். நீங்கள் பார்த்துச் சந்தேகப்பட்டது அதைத்தான். பட்டை மாற்றினேன், போல்ட் முறுக்கினேன், டயர் ஏற்றினேன். மடங்காத விரலை வைத்துக்கொண்டு இதுவரை நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அது. ஓஸை மட்டும் மாற்றவில்லை. ஆணியிலேயே இருந்தது. நான் எதையும் அறுக்கவில்லை, ஐயா. எதையும் தளர்த்தவில்லை. இருந்ததை இருந்தபடி விட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. போல்ட் முறுக்கியவன் முதல் ஓட்டத்தில் வண்டியில் உட்கார வேண்டும். அவன் உயிரும் வண்டியில் இருக்கிறது என்றால்தான் உரிமையாளருக்கு நம்பிக்கை. சத்தம் கேட்டால் அவன் நிறுத்தச் சொல்லுவான். அவனே நடுவில் இறங்கிக்கொண்டால், வண்டியில் இனிப் பார்க்க ஒன்றுமில்லை என்று அர்த்தம். வாயால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. லாரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கொல்லிமலைக்குக் கிளம்பினோம். வளவன் ஓட்டினார். நான் முன் சீட்டில், ஆஷிக் பின்னால். காரவள்ளி தாண்டினால் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் டயர் ஓஸில் உரசியது. ஏறும்போது பிரேக் அதிகம் தேவையில்லை, எனக்கு அது தெரியும்.

"ஏதோ உரசுற மாதிரி இருக்கேண்ணே," என்றார் ஆஷிக்.

"புது டயர்ல ரோமம் இருக்குமுங்க. அது உதுர்ற வரைக்கும் அப்படித்தான் சத்தம் வரும்."

"டயருக்குமா ரோமம்? எனக்குத் தலையிலயே இல்ல," என்றார்.

வளவன் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல காற்று. மிளகுக்கொடி வாசனை. அவர் ஒரு வளைவில் சொன்னார், "யோவ், இந்தத் தடவ தொழில் காட்டிட்டய்யா." உண்மையாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னார்.

மேலே செம்மேட்டில் டீ குடித்தோம். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு பஸ்ஸில் வருகிறேன் என்று இறங்கிக்கொண்டேன். "காத்தானே எறங்கிட்டான்னா வண்டி பக்காடா," என்றார் வளவன். ஆஷிக் முன் சீட்டில் ஏறினார். கிளம்பினார்கள். நான் கோயிலுக்குப் போகவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

பாதி மலை இறங்கியதும் பஸ் நின்றது. வளைவில் தடுப்புச் சுவர் பெயர்ந்திருந்தது. ஜீப் கீழே பாறைகளுக்கு நடுவில் சாய்ந்து கிடந்தது, ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றது. சனங்களோடு நானும் இறங்கினேன். முதலில் ஓஸைப் பார்த்தேன். நினைத்த இடத்தில்தான் கிழிந்திருந்தது. ஆஷிக் வெளியே பாறையில் கிடந்தார். முகம் முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது. அவரைத் தொட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

வளவன் உயிரோடு இருந்தார். வண்டி அவர் நெஞ்சின் மேல் கிடந்தது. வாயில் ரத்தம் கொப்பளித்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "காத்தாண்ணே, தூக்குண்ணே," என்றார். அதற்கு முன் அவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

பஸ் டிரைவர் ஜாக்கி கொண்டுவந்தார். எனக்கு இதுதான் தொழில் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். எல்லாரும் விலகி இடம் விட்டார்கள். ஜாக்கியை இரும்புச் சட்டத்துக்கு அடியில் கொடுத்தால் வண்டி நிற்கும். தகரத்துக்கு அடியில் கொடுத்தால் கொஞ்சம் தூக்கும், பிறகு நழுவும். நான் தகரத்துக்கு அடியில் கொடுத்தேன். நெஞ்சு விடுபடும் அளவுக்கு வண்டி எழும்பியது. அவர் மூச்சை இழுத்தார். முழு மூச்சு. என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். நான் இன்னும் ஒரு அழுத்து அழுத்தினேன். வண்டி நழுவி மறுபடியும் விழுந்தது. சுள்ளிக்கட்டை மிதித்த மாதிரிச் சத்தம். சட்டையிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். எல்லாம் நன்றாக மடங்கின.

"உன் மேல தப்பில்லய்யா, நீ என்ன பண்ணுவ," என்று டிரைவர் என் முதுகைத் தடவினார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன்.

ஆஷிக் அதில் போனது தற்செயல் என்று உங்களிடம் வாயால் சொன்னேன். எழுத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. செம்மேட்டில் நடந்ததில் ஒன்றை விட்டுவிட்டேன்.

டீக்கடையில் வளவன் சிகரெட் வாங்கப் போனபோது ஆஷிக் என்னைத் தனியே கூப்பிட்டார். ஒரு கவரை என் கையில் திணித்தார்.

"இருபத்தேழாயிரத்து அறுநூறு இருக்குண்ணே. அவன் இழுத்துக்கிட்டே இருப்பான். நான் குடுத்துட்டு அவன்கிட்ட வாங்கிக்கிறேன். எண்ணிப் பாத்துக்கங்க."

எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அவர் போகாமல் நின்றார். "இன்னொண்ணுண்ணே. அந்த வீடியோவ எடுத்தது நாந்தான். சிரிச்சதும் நாந்தான். எம்மக அஃபீபா இந்த வருசம் ஸ்கூல் சேந்திருக்கு. விரல வச்சு வச்சுப் படிக்குது. அதப் பாக்குறப்பல்லாம் எனக்கு உங்க மொகந்தான் வருது. மன்னிச்சிருங்கண்ணே."

"அதெல்லாம் எப்பவோ மறந்துட்டனுங்க சாமி," என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறுதலாக ஒரு பெருமூச்சு விட்டார். "நானும் உங்ககூட பஸ்லயே வந்தர்றனே. அந்தப் பின்சீட்டு முதுக ஒடிக்குது," என்றார்.

பஸ்ஸில் இடம் இருந்தது. இரண்டு டிக்கெட் எடுக்க என் கையில் பணமும் இருந்தது.

"எதுக்குங்க சாமி பஸ்ல இடிபட்டுக்கிட்டு. முன்சீட்டுல உக்காருங்க, அலுங்காமப் போலாம்," என்றேன். அவர் ஏறி உட்கார்ந்ததும் கதவை நான்தான் சாத்தினேன். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தேன்.

ஆகவே பணத்துக்காகச் செய்தேன் என்ற வரியை அடித்துவிடுங்கள், ஐயா. அவர்கள் மலையிறங்கும் முன்பே கடன் முழுவதும் தீர்ந்துவிட்டது. வீடியோவுக்காக என்றும் எழுத வேண்டாம். அதைத்தான் நான் மன்னித்துவிட்டேனே.