நீலச் சட்டையில் வந்த பதில்

ஒரகடத்தில் வாலாஜாபாத் பஸ் ஏறினேன். முன்சீட்டில் கம்பெனி வேலை முடித்த இரண்டு பெண்கள். பேச்சு திருநெல்வேலிப் பக்கம். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று, "ஆண்டவர் நீலச் சட்டையில பதில் சொல்லிட்டாரு மெர்சி" என்றாள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்னட்டி உளறுத?"

"எங்க லைன்ல வேலை பாக்குத செல்வின், கட்டிக்கிடுதியான்னு கேட்டாம்லா? ஜெபம் பண்ணேன். உமக்குச் சித்தம்னா நாளைக்கு அவன் நீலச் சட்டையில வரணும் ஆண்டவரேன்னு கேட்டேன். வந்துட்டான்!"

மெர்சி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏட்டி ஜாய்ஸ், கம்பெனி யூனிஃபார்மே நீலந்தானே? அந்த மீசைக்கார சூப்பர்வைசரும் நீலத்துலதான் வந்தாரு. அவரையும் கட்டிக்கிடுதியா?"

ஜாய்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"ஞானத்தைக் கேளுன்னுதான் வேதம் சொல்லுது. நீ சட்டையைக் கேட்டிருக்க. அவன் குடிப்பானா, கோபக்காரனான்னு நாலு பேருகிட்ட விசாரிச்சியா?"

"விசாரிக்காம இருப்பேனா? எல்லாம் விசாரிச்சாச்சு. நல்ல பையன்."

"பொறவு எதுக்குட்டி அடையாளம்?"

"எங்க அம்மைக்காகத்தான். நானே மாப்பிள்ளை பார்த்தேன்னு சொன்னா கொன்னே போடுவா. ஆண்டவர் காட்டினாருன்னு சொன்னா, ஸ்தோத்திரம்னு சொல்லிருவா."