மணல் மூட்டை கட்டிவிட்ட கைகளுக்கு

பணி நிறைவு பெறும் எங்கள் சுகாதார நிலையத்தின் இயன்முறை மருத்துவர் திருமதி விஜயராணி அவர்களுக்கு ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல்

வலுவிழந்த கால்களுக்கு வழி காட்டிய வல்லவரே! அழுது வந்தவரையும் அதட்டி எழுப்பிய அன்னையே! வணக்கம்!

இந்தக் கூடத்தின் தோரணத்தையும் பேனரையும் இன்று, இம்மடலை எழுதி வாசிக்கும் நான் கட்டவில்லை. கட்டக் கூடாது என்று மருத்துவ அதிகாரி முதல் துப்புரவுப் பணியாளர் ஸ்டெல்லா வரை தடை போட்டுவிட்டார்கள். காரணம் ஊரறிந்தது. சென்ற ஆண்டு நம் பழைய மருத்துவரின் பிரிவு விழாவுக்கு, "ஏணி எதுக்கு, நான் இருக்கேன்" என்று மேசைமேல் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஏறிய எழுத்தர் பாஸ்கல், அடியேன்தான். நாற்காலிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு வந்தது. முழங்கால் சில்லு உடைந்து நான் தரையில் கிடக்க, 'நலமுடன் வாழ்க' என்று எழுதிய துணிப் பேனர் அவிழ்ந்து வந்து என்னைப் போர்த்தியது. மாலை வாங்க வேண்டிய நேரத்தில் விழா நாயகர் எனக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

அம்மையே! இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் இங்கு வந்தபோது உங்களுக்குக் கிடைத்தது, ஒடிந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த அறை. பயிற்சிக்கு எடைகள் கேட்டீர்கள். 'விரைவில் வரும்' என்று பதில் வந்தது. பின்னாளில் அதே பதிலை நானும் பலமுறை தட்டச்சு செய்திருக்கிறேன். நீங்கள் காத்திருக்கவில்லை. சங்கராபரணி ஆற்று மணலைச் சலித்து, பழந்துணியில் மூட்டை தைத்து, நோயாளிகளின் கணுக்காலில் கட்டினீர்கள். தேறிப் போகிறவர் தம் பழைய துணியில் ஒரு மூட்டை தைத்து அடுத்தவருக்கு விட்டுப் போவது அன்று தொடங்கிய வழக்கம். பிற்காலத்தில் இரும்பு எடைகள் வந்தும், சேலையும் லுங்கியும் பள்ளிச் சட்டையுமாய் அந்த அலமாரி நம் ஊர்த் திருவிழாக் கூட்டம் போலவே நிறைந்திருக்கிறது.

என் முறை வந்தது. கட்டுப் பிரித்தபோது இடது தொடை, வலது தொடையின் தம்பி போல் இளைத்திருந்தது. ஊரெல்லாம் ஓய்வெடுக்கச் சொன்னது. உறவெல்லாம் எண்ணெய் தேய்க்கச் சொன்னது. எடை தூக்கச் சொன்னவர் நீங்கள் ஒருவரே. "எலும்பு சேந்துடுச்சு பாஸ்கல். அத தாங்குற சதை எங்க? படுத்துக்கினே இருந்தா அது எப்படி வரும்?" என்று கேட்டு, சோரியாங்குப்பத்துப் பலராமன் விட்டுப்போன லுங்கி மூட்டையை என் காலில் கட்டினீர்கள். கால் நீண்டது. கண்ணில் நீர் வந்தது.

பக்கத்துக் கட்டிலில், இடுப்பெலும்பு முறிந்து தேறிவந்த அபிஷேகப்பாக்கத்துக் காசம்மாள், என்னைவிடப் பெரிய மூட்டையை ஏற்றி இறக்கிக்கொண்டே பார்த்தார்.

"இன்னா சார், ரெண்டு படி மண்ணு. அதுக்கா இப்டி மூஞ்சிய வச்சிக்கினு இருக்க? பேனாவத் தவிர ஒண்ணும் தூக்கினதில்லியா?"

தேறி வீடு திரும்பிய நாளில் தம் பச்சைக் கரைச் சேலையில் தைத்த மூட்டையை என் மடியில் வைத்து, "என் பேர கெடுத்துடாத சார்" என்று சொல்லிப் போனார். அதைத் தூக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. பிறகு கைப்பிடி இல்லாமல் நாற்காலியிலிருந்து எழ வைத்தீர்கள், பின்பு முக்காலியிலிருந்து, பின்பு தரையிலிருந்து. தரையிலிருந்து எழும்போது மட்டும் என் கை உங்கள் கையைத் தேடியது.

எனக்கு இருந்தது ஒரே கேள்வி. ஞாயிறுதோறும் மாதா கோயிலில் எல்லாரும் முழங்காலிட, நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பழையபடி முட்டி போட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழுவேனா? மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து "பிரமாதம்" என்றார். மைத்துனர் இன்னாசிமுத்து "மாதா பாத்துக்குவாங்க மாமா" என்றார். நீங்களோ, கேட்ட போதெல்லாம், "இன்னொரு பத்து" என்றீர்கள்.

அந்த "இன்னொரு பத்து" இனி எங்கள் சுவர்களுக்குக் கேட்காது. வெளி வராந்தாவில் மருந்துச் சீட்டோடு நிற்பவர்கூட அதைக் கேட்டு நிமிர்ந்து நிற்பாரே, அம்மையே! ஊரை நடக்க வைத்த நீங்கள், பாகூர் ஏரிக்கரையில் உங்களுக்காகவும் கொஞ்சம் நடங்கள். முட்டி மடங்க, முதுகு நிமிர, மூச்சு சீராக, பேரப்பிள்ளைகளைத் தூக்கும் தோளோடு நெடுங்காலம் வாழ்க!

'இழந்த காலை இருந்தபடியே மீட்டளித்த இறைவியே' என்றொரு வரியும் இந்த மடலில் இருந்தது. மோனை அழகாக விழுந்திருந்தது. அன்று என்னைப் போர்த்திய அதே பேனர் துணியில் என் மூட்டையையும் தைத்து எடுத்துக்கொண்டு, நேற்று உங்கள் அறைக்கு வந்தேன். அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். வரியைப் படித்துக் காட்டி, "இத போடலாமா மேடம்? உண்மையச் சொல்லுங்க" என்றேன். துடைத்த துணியைக் கீழே வைத்தீர்கள். மூட்டையை வாங்கி எடை பார்த்தீர்கள். திரும்ப என் கையிலேயே கொடுத்தீர்கள்.

"போடாதீங்க பாஸ்கல். பழைய கால் வராது. முட்டி போட்டா வலிக்கும், மழைக்காலத்துல இன்னும் வலிக்கும். ஆனா ஒருத்தர் கையையும் புடிக்காம எழுந்திரிப்பீங்க, தூக்கிக்கினே இருக்கிற வரைக்கும். நான் இல்லன்னு வுட்டீங்கன்னா அதுவும் போயிடும். இந்த மூட்டைய இங்க வெக்காதீங்க. வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க."

நாளைக் காலையும் அந்த அறையைத் திறக்கப்போகும்
சுகாதார நிலைய ஊழியர்கள்