மாலை போடாத படம்

வேலை முடிந்து, நான் இருக்கும் விட்பி நகரத்துக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவரின் மடியில் அவர் எழுதிய நாடகத்தின் தாள்கள் இருந்தன.

"நாடகத்திலை உங்கட அண்ணை சாகக் கூடாது," என்றாள் அவள்.

"கடைசிக் காட்சியிலை அவரின்ரை படத்துக்கு மாலை போட்டால்தான் சனம் அழும்."

"ஓம், அழுதிட்டு வீட்டை போயிடும். நான் வகுப்பிலை படிப்பிக்கிற அந்தக்கால அமெரிக்க நாடகங்களும் உப்பிடித்தான். கடைசிக் காட்சியிலை பூர்வகுடித் தலைவன் செத்து விழுவான். வெள்ளைக்காரர் அழுது கைதட்டுவினம். அதே நேரம் வெளியிலை உயிரோடை இருந்த பூர்வகுடிச் சனத்தை நிலத்தை விட்டுக் கலைச்சுக்கொண்டிருந்தவை. மேடையிலை செத்தவன் வந்து நிலம் கேக்க மாட்டான்தானே."

அவர் தாள்களை மடித்து வைத்தார்.

"ஊரிலை அண்ணையை ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போய் எத்தினை வருசம். இனியும் வருவார் எண்டு நினைக்கிறீரோ?"

"நான் நினைக்கேல்லை. ஆனா உங்கட அம்மா இண்டைக்கும் அவரின்ரை படத்துக்கு மாலை போட விடுறா இல்லை. சனிக்கிழமை நாடகத்துக்கு முன்வரிசையிலை இருக்கப் போறதும் அவதான். அவவுக்கு முன்னாலை ஆர் அந்த மாலையைப் போடுறது?"

அவர் கடைசித் தாளை எடுத்து, அதில் இருந்த மாலைக் காட்சியைப் பேனையால் மெதுவாக வெட்டினார்.

"அப்ப நாடகம் எப்பிடி முடியிறது?"

"மேடையிலை படம் மட்டும் இருக்கட்டும். சனம் எழும்பிப் போனாலும் லைற்றை நிப்பாட்டாதேங்கோ."