கரியாலூரில் போன பல்செட்

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவன் மனைவி. அவர் வாயைத் துண்டால் மூடியிருந்தார்.

“குரங்கு சுத்திக்கினு இருக்கிற எடத்துல யாராவது பல்செட்டைக் கழட்டிப் பாறை மேல வெப்பாங்களா? தூக்கிக்கினு மரமேறிடுச்சி பாருங்க” என்றார் அந்த அம்மாள்.

“அருவித் தண்ணி அடிச்சிக்கினு போய்டும்னுதான் வெச்சேன்.” பேச்சைவிடக் காற்றுதான் அதிகம் வந்தது.

“ரூம் போடும்போதே போன்ல டூர் இன்சூரன்ஸ் வேணுமான்னு கேட்டுச்சி. நீங்கதான் ரெண்டு நாளைக்கு இன்னாத்துக்குன்னு வேணாம்னு அமுக்கிட்டீங்க.”

“பல்லுக்கெல்லாம் இன்சூரன்ஸ் தருவாங்களா?”

“வாயில இருந்தாதாங்க பல்லு. கழட்டி வெச்சா லக்கேஜ்.”

அவர் துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார். அம்மாள் விடவில்லை.

“நாளைக்கு நம்ம பொண்ணைப் பாக்க வராங்க. இந்த வாயோடவா வாங்கன்னு கூப்புடுவீங்க?”

“கச்சிராயபாளையத்துல எறங்கி போலீஸ்ல எழுதிக் குடுத்துடறேன்.”

“திருடன் எப்படி இருப்பான்னு கேட்டா?”

அவர் துண்டை விலக்கினார்.

“சிரிச்சா என்னை மாதிரியே இருப்பான்னு சொல்றேன்.”