பெட்ஷீட்டுக்குப் பின்னாடி

அம்மு: அந்த கேமரா படத்த இன்னொரு தபா போடு பாய்.

ஜஹாங்கீர்: எத்தினி தபா போடுறது அம்மு? அழுதா லாரி வந்துடுமா? நல்லா பாரு... கிளி போட்ட பெட்ஷீட்டு. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கிளி தான்.

அம்மு: காத்துல ஒரு ஓரமாவது தூக்கியிருக்கும்.

ஜஹாங்கீர்: தூக்கல. சுத்தி கிளிப்பு மாட்டிட்டு, இப்ப காத்து அடிக்கலன்னு என் கடையில வந்து நிக்கிற.

அம்மு: ஒன்ன குத்தம் சொல்ல வரல. லாரி நம்பர்ல பாதி தெரிஞ்சா கூட போதும். ஸ்டேஷன்ல இன்னா எழுதினு கீறாங்க தெரியுமா? 'குடிச்சிட்டு மீன்பாடி வண்டி ஓட்டினு வந்து தானா மோதி விழுந்தான்'. லாரியே வரலன்றாங்க பாய். லாரி ஏறாமயா எம் புருசனுக்கு ரெண்டு காலும் நசுங்கிச்சு?

ஜஹாங்கீர்: பீம்ராவ் கண்ணு முழிச்சானா?

அம்மு: எங்க முழிச்சுது... எப்ப முழிக்கும்னு டாக்டருக்கே தெரியல. முழிச்சா அது வாயால சொல்லும். அதுக்குள்ள இவங்க எழுதி மூடிடுவாங்க. சாயங்காலம் வந்து கையெழுத்து போடுன்றாங்க.

ஜஹாங்கீர்: இதுக்கு தான் கேமராவ மறைக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன். கடைக்காரங்க எல்லாம் சேந்து கேமரா வெச்சது எதுக்கு? இதே தண்ணி பம்பாண்ட தான எம் பொண்டாட்டி ஷம்ஷாத் கழுத்துல செயின அறுத்துகினு போனான்? அவன புடிச்சி குடுத்தது இந்த கேமரா. அத மறக்காத.

அம்மு: மறக்கல. நாங்க ஈர நைட்டியோட கொடம் தூக்குறதையும் அதே கேமரா தான் புடிச்சுது. அஞ்சு கடைக்காரங்க செல்லுல ஓடிச்சு. டீக்கடையில ஒருத்தன், 'இன்னா அம்மு, நேத்து பச்சை, இன்னிக்கு ரோஸா'ன்றான். கொஞ்சம் திருப்பி வைய்யி பாய்னு உன்னாண்ட எத்தினி தபா வந்து கேட்டோம்?

ஜஹாங்கீர்: திருப்பினா ரோடு தெரியாதும்மா. போலீஸ்ல வேற...

அம்மு: அதான் தண்ணி வர்ற நேரத்துக்கு மட்டும் துணிக்கொடியில பெட்ஷீட்ட கட்டினோம். தண்ணி நின்னதும் அவுத்துடுவோம். இத்தினி நாளா அந்த நேரத்துல ஒண்ணியும் நடக்கல.

ஜஹாங்கீர்: இப்ப நடந்துடுச்சே. நான் கூட கடையாண்ட இல்ல. பள்ளிவாசல்ல தொழுதுகினு இருந்தேன். ஓடி வந்து பாத்தா ஐஸ் பாரெல்லாம் ரோட்ல ஒடஞ்சி கெடக்குது, நடுவுல அவன்...

அம்மு: அத சொல்லாத.

ஜஹாங்கீர்: சரி... சொல்லல.

அம்மு: கால் போனது கூட பரவால்ல பாய். குடிச்சிட்டு விழுந்தான்னு எழுதுறாங்க பாரு, அது தான் வயிறு எரியுது. குடிய வுட்டு ஒரு மாசமாச்சு. யாராண்ட சொன்னாலும் சிரிக்கிறாங்க.

ஜஹாங்கீர்: நான் நம்புறேன்மா. அடிபட்ட அன்னிக்கு காலையில பக்கத்து வூட்டு செங்கொடி கூட, 'இன்னா பீம்ராவு, ஊதிக் காட்டு'ன்னு கலாய்ச்சாளே. அவனும் ஊதினான். 'அட, பல்பொடி வாசனை தான் வருதுடி'ன்னு எல்லாரும் சிரிச்சீங்க. குடிச்சவனா அப்டி தைரியமா வந்து...

அம்மு: அது உனக்கு எப்டி தெரியும்?

ஜஹாங்கீர்: எது?

அம்மு: செங்கொடி ஊத சொன்னது. அது பெட்ஷீட்டுக்குப் பின்னாடி நடந்துச்சு. நீ தொழுதுகினு இருந்தேன்ற.

ஜஹாங்கீர்: அது... யாரோ சொன்னாங்க. ஷம்ஷாத் சொல்லியிருப்பா.

ஷம்ஷாத்: நான் சொல்லல.

ஜஹாங்கீர்: நீ எப்ப வந்த? உள்ள போ.

ஷம்ஷாத்: அம்முக்கு டீ எடுத்துகினு வந்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லலங்க. பெட்ஷீட்டுக்குப் பின்னாடி பேசினத எவளும் வூட்ல போய் சொல்ல மாட்டா. பம்பாண்ட நாங்களே போட்டுகினு கீற கட்டுப்பாடு அது. உங்களுக்கு யாரு சொன்னா?

ஜஹாங்கீர்: இப்ப அதுவா முக்கியம்? அந்த பொண்ணே பேஜார்ல கீது...

அம்மு: பாய். அந்த கேமராவுக்கு காது கீதா?

ஷம்ஷாத்: கேக்குறால்ல. சொல்லுங்க.

ஜஹாங்கீர்: வாங்கும்போதே மைக்கும் சேந்து தான் வந்துச்சு. நான் ஒண்ணும் தனியா கேட்டு வாங்கல. மத்த கடைக்காரங்களுக்கு படம் மட்டும் தான். என் செல்லுல... ஒரு பட்டன் கீது. அமுக்கினா சத்தம் வரும்.

அம்மு: எத்தினி நாளா அமுக்குற?

ஜஹாங்கீர்: சும்மா, ஒரு நாள்...

ஷம்ஷாத்: ஒரு நாள்.

ஜஹாங்கீர்: ...ரம்ஜான்ல இருந்து.

ஷம்ஷாத்: அப்போ... டாக்டராண்ட போய்ட்டு வந்து, கட்டி கீதுன்னு சொல்லிட்டாங்கன்னு அம்முவ கட்டிகினு அழுதேனே... அத்தயும் கேட்டீங்களா?

ஜஹாங்கீர்: கேட்டேன்.

ஷம்ஷாத்: கேட்டுட்டு, அன்னிக்கு சாப்பிடும்போது, 'ஏன் ஒரு மாதிரி கீற'ன்னு கேட்டீங்க. தெரிஞ்சிகினே கேட்டீங்க.

ஜஹாங்கீர்: நீயா சொல்லுவன்னு தான் ஷம்ஷாத்...

ஷம்ஷாத்: ஊரே கேட்டிருந்தா கூட எனக்கு இவ்ளோ வலிச்சிருக்காது.

அம்மு: அக்கா, ஒரு நிமிசம் பொறு. பாய், என்ன பாத்து சொல்லு. அன்னிக்கு காலையில ஆனதும் அதுல கீதா, இல்லியா?

ஜஹாங்கீர்: கீது. ஆரன் அடிக்கிறான்... அப்பால பிரேக் சத்தம். இடிக்கிற சத்தம். ஒடனே ஒருத்தன் கத்துறான். கிளீனரா இருப்பான் போல. 'வெள்ளத்துரைண்ணே, நிக்காத, போய்க்கினே இரு, எண்ணூர் ரோட்டுல திருப்பு'ன்றான்.

அம்மு: வெள்ளத்துரை.

ஜஹாங்கீர்: ஆமா.

அம்மு: பேரு கீது. டிரைவர் பேரே கீது. அத பாக்கெட்ல வெச்சிகினு எனக்கு கிளி படம் காட்டினு கீற. நான் ஸ்டேஷன்ல எவன் எவன் கால்லயோ விழுந்துகினு கீறேன்.

ஜஹாங்கீர்: குடுத்தா இன்னா ஆவும்னு நீயே யோசி. பொம்பளைங்க பேசுறத ஒட்டுக் கேட்டவன்னு தெரு பூரா தெரியும். ஒவ்வொருத்தி புருசனும் கடைக்கு வருவான். கொளுத்திட்டு தான் போவான். எம் பொண்ணு அனம் இந்த தெருவுல தான காலேஜுக்கு நடக்கணும்? எனக்கு பயம் அம்மு. வேற ஒண்ணியும் இல்ல, பயம்.

ஷம்ஷாத்: குடுங்க. கடைய கொளுத்த வந்தா நானே தீப்பெட்டி எடுத்து தரேன்.

ஜஹாங்கீர்: ஷம்ஷாத்...

ஷம்ஷாத்: கட்டி கீதுன்னு தெரிஞ்சும் கம்முனு இருந்தீங்க. லாரிக்காரன் பேரு தெரிஞ்சும் கம்முனு இருந்தீங்க. கேக்க மட்டும் தான் தெரியும் உங்களுக்கு. இப்ப வாயத் தொறங்க.

ஜஹாங்கீர்: சரி... குடுக்குறேன். ஸ்டேஷனுக்கு நானே வரேன். ஆனா முழுசா வேணாம் அம்மு. அவன் ஊதிக் காட்டினது இருக்கட்டும். லாரி சத்தம் இருக்கட்டும். நடுவுல ஒரு துண்டு... அத்த வெட்டிடுறேன்.

ஷம்ஷாத்: ஆமாங்க. அத வெட்டிடுங்க.

அம்மு: அக்கா.

ஷம்ஷாத்: நீ சும்மா இரு. நானும் தான் அன்னிக்கு பம்பாண்ட இருந்தேன். இது வரைக்கும் ஒருத்தி வாயத் தொறந்தாளா? ஒனக்காகத் தான் எல்லாரும் வாய மூடினு கீறோம். ஒன் மாமியா காதுல மட்டும் விழுந்துச்சு, ஒன்ன ஆஸ்பத்திரி வாசப்படி கூட மிதிக்க வுடாது.

ஜஹாங்கீர்: அதுவும் ஒரு காரணம்மா, நான் இத்த வெளிய சொல்லாததுக்கு...

அம்மு: என்ன காரணமா காட்டாத பாய். ஒன் பயத்த நீயே வெச்சிக்கோ.

ஜஹாங்கீர்: ஒன் நல்லதுக்கு தான் சொல்றேன்.

அம்மு: வெட்டினா தெரியாதா? நடுவுல ஏன் காணும்னு லாரிக்காரன் வக்கீலு கேப்பான். மொத்தமும் பொய்யின்னு தூக்கிப் போட்ருவான். அப்பால அது குடிகாரன் தான். சாவுற வரைக்கும் குடிகாரன் தான்.

ஷம்ஷாத்: அம்மு, நல்லா யோசிச்சிக்கோ. நாளைக்கு பீம்ராவு முழிச்சி, ஸ்டேஷன்ல இத போட்டாங்கன்னு கேள்விப்பட்டா?

அம்மு: அது தான் அப்பவே கேட்டுச்சே அக்கா. இப்ப புதுசா இன்னா கேக்கப் போவுது?

ஜஹாங்கீர்: ஒன் முன்னாடியே போடுவாங்கம்மா. எல்லாரும் ஒன் மூஞ்சிய தான் பாப்பாங்க. தாங்குவியா?

அம்மு: அவங்க போடுறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன் பாய். கொடத்த தூக்கி வெச்சிட்டு போன்னேன், ஐஸ் கரையுதுன்னு வண்டில ஏறிச்சு. 'போ, போற வழியில லாரி ஏறி சாவு, எனக்கு விடிவு வரும்'னு கத்தினேன். திரும்பிக் கூட பாக்காம மிதிச்சிகினு போச்சு... முழுசா குடு, ஒரு வார்த்த வெட்டாத. மொதல்ல நீ இந்த பெட்ஷீட்ட போட்டுக் காட்டினப்ப, லாரி தெரியலன்னு அழுதேன்ல? அழுதுகினு இருக்கும்போதே, நல்ல வேளை, என் வாயும் தெரியலன்னு எனக்கு உசுரு வந்துச்சு பாய்.