மானியத்துக்கு ஒரு அண்டா

நித்யா: அந்த ஆபீசர் கையெழுத்து போட்டானா இல்லியா, அத சொல்லு மொதல்ல.

ஜினேஷ்: போட்டாருக்கா. இன்ஸ்பெக்‌ஷன் பாஸ். வந்ததும் வராததுமா... கொஞ்சம் தண்ணி குடிக்கிறியா?

நித்யா: தண்ணி வேணாம். வயிறு எரியுதுடா! நம்ம கம்பெனி பேரே கொல்லாப்பட்டு. பூச்சி தானா ஓட்டை போட்டு பறந்து போனப்புறம்தான் கூட்டுலேர்ந்து நூல் எடுக்கறோம். நம்மளப் போயி, கூடு வேகவைக்கிற அண்டா வாங்கி வச்சாத்தான் மானியம்னா... அது என்னாடா சட்டம்?

ஜினேஷ்: பட்டுத் தொழில்னா அண்டா இருக்கணுமாம். ரூல்ல அப்பிடித்தான் இருக்குதாம்.

நித்யா: அன்னிக்கு தொழில் விழா மேடையில என்னா பேச்சு பேசுனாங்க! புதுசா யோசிங்க, ஸ்டார்ட்அப் தொடங்குங்க, கவர்மெண்டு கை குடுக்கும்னு. புதுசா யோசிச்சவனுக்கு அந்த ரூல்ல ஒரு வரி உண்டா? ஆர்டர் வந்துக்கினே இருக்குது, கம்பெனிய பெருசாக்க லோன் குடுங்கன்னா, மானியம் வாங்கிட்டு வான்றான் பேங்க்காரன். மானியம் கேட்டா, அண்டா வைன்றான் இவன்!

ஜினேஷ்: அதான் வச்சிட்டோமே. பணம் வந்ததும் கல்யாண மண்டபத்துக்கு வித்துடலாம். சாம்பார் வைக்கட்டும்.

நித்யா: சிரிக்காத. ...அந்த மூலைத் தட்டு ஏன் காலியா இருக்குது?

ஜினேஷ்: எந்தத் தட்டு?

நித்யா: காலையில அதுல உசுரோட கூடு இருந்துச்சே. பூச்சி வெளிய வர இன்னும் நாளாகும்.

ஜினேஷ்: அந்தக் கூடு தேவப்பட்டுச்சுக்கா.

நித்யா: ஓட்டை போட்ட கூட்டைத்தானே அண்டாவுல போட்டுக் காட்டறேன்னு சொன்ன?

ஜினேஷ்: அக்கா... போன வாரம் வசந்த்தோட பட்டு யூனிட்ல அந்த ஆபீசரு கரண்டிய விட்டுக் கிளறி, கூட்டை எடுத்துக் கண்ணுகிட்ட வச்சுப் பாத்தாராம். நம்மகிட்ட ஓட்டையப் பாத்தா, கழிவுப் பட்டு, மானியம் கெடையாதுன்னு எழுதிட்டுப் போயிடுவாரு. அப்புறம் பிள்ளையார்பாளையத்துலேர்ந்து நூல் நூக்க வர்ற பொம்பளைங்ககிட்ட, நாளைக்கு வேலைக்கு வராதீங்கன்னு நீ போயி சொல்லுவியா?

நித்யா: அதுக்குன்னு... உசுரோட இருந்தத...

ஜினேஷ்: வர்றப்போ தண்ணி கொதிச்சிக்கினு இருக்கணும்னு போன் பண்ணாரு. போட்டுட்டேன்.

நித்யா: பாவி! பெட்டிக்குப் பெட்டி, ஒரு உசுரும் போகலன்னு அச்சடிச்சு விக்கறோமேடா! விளக்கேத்துனா பூச்சி வந்து விழுந்து சாகும்னு, பொழுது சாஞ்சா ஒரு வாய் சோறு தின்னாதவங்கடா நம்ம அம்மா. அந்த வயித்துல பொறந்துட்டு... நல்லாக் கிளறிப் பாத்தானா? திருப்தியா அவனுக்கு?

ஜினேஷ்: அவரு பாக்கவேயில்ல.

நித்யா: என்னாது?

ஜினேஷ்: உள்ளயே வரலக்கா. வெயிலா இருக்குதுன்னு கார்லயே உக்காந்துக்கினு கையெழுத்து போட்டுட்டுப் போயிட்டாரு.

நித்யா: ஐயோ... வீணா... அத்தனையும் வீணாடா!

ஜினேஷ்: திட்டு. நல்லாத் திட்டு. ஆனா ஒண்ணு கேக்கறேன். ஓனரு நீ. இன்ஸ்பெக்‌ஷன் வர்ற நாளாப் பாத்து, சித்திய பாக்கணும்னு முசரவாக்கம் எதுக்குப் போன? சொல்லுக்கா.

நித்யா: நீ எந்தக் கூட்டைப் போடுவேன்னு எனக்கு நேத்தே தெரியும்டா. இங்க இருந்தா தடுத்திருப்பேன்... அதான் கெளம்பிட்டேன்.